தண்டுவடக் காயமுற்ற இளைஞர்: மருத்துவமனைக்குப் பின் ஆற்ற வேண்டிய துணை

(களப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய பாடம்)

மரத்திலிருந்து விழுதல், கைப்பிடிச் சுவரில்லாத மாடியிலிருந்து தவறுதல், சாலை விபத்து ஆகியவை நம் நாட்டில் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சேதமுறுவதற்குத் தலையாய காரணங்களாகும். இவற்றுக்கு இலக்காவோருள் பெரும்பகுதியினர் இளைஞரும் உழைக்கும் வயதினருமே ஆவர். முறிந்த எலும்பை நிலைநிறுத்தும் சிகிச்சை சில வாரங்களில் முடிவடைகிறது. அதன்பின் நோயாளி வீடு திரும்புகிறார். மருத்துவமனையில் கழிந்தவை சில வாரங்கள் அல்லது மாதங்கள். வீட்டில் கழிய வேண்டியவையோ பல பத்தாண்டுகள். அப்பத்தாண்டுகள் எவ்வாறு அமையும் என்பது வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் நடைபெறும் சிறு செயல்களைப் பெரிதும் சார்ந்துள்ளது. ஆகவே கிராமச் சுகாதாரப் பணியாளர், சமூகநலப் பணியாளர், ஆசிரியர் ஆகியோருக்கு இதில் ஒரு நேரடிப் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பு யாது, அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதுகெலும்பும் தண்டுவடமும்

குழந்தையின் முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆகியது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்புப் பகுதியில் 5, வால் பகுதியில் 4 என இவை அமைந்துள்ளன. வயது ஏறுகையில் இறுதி இரு பகுதிகளிலும் உள்ளவை ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இவ்வெலும்புகளின் நடுவே உள்ள கால்வாயில் தண்டுவடம் பாதுகாப்பாக அமைந்துள்ளது. வளர்ந்தவரில் அதன் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ.; தடிப்பு நம் சுண்டுவிரலின் தடிப்புக்கு மேற்படாது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. மூளையின் கட்டளை தசைகளுக்குச் செல்வதும், தோலின் உணர்ச்சி மூளைக்கு எட்டுவதும் இதன் வழியாகவே.

தண்டுவடம் ஓரிடத்தில் சேதமுற்றால், அவ்விடத்துக்குக் கீழேயுள்ள உறுப்புகளுக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தொடர்பு அறுபடுகிறது. காயம் கழுத்தில் நேர்ந்தால் கைகால் நான்கும் பாதிக்கப்படும். மார்பிலோ இடுப்பிலோ நேர்ந்தால் கைகள் நலமாயிருக்க, கால்கள் மட்டும் செயலிழக்கும். தொடர்பு முற்றிலும் அறுபட்டதை முழுக் காயம் என்றும், ஓரளவு எஞ்சியிருப்பதைப் பகுதிக் காயம் என்றும் மருத்துவர் கூறுவர். பகுதிக் காயத்தில் இயக்கம் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இழக்கப்படுவது நடை மட்டும் அன்று. தோலின் உணர்ச்சி, சிறுநீர் மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடு, வியர்த்தல், இரத்த அழுத்தச் சீர்மை ஆகியவையும் உடன் பாதிக்கப்படுகின்றன. நடக்க இயலாமை கண்ணுக்குத் தெரிவதால் சுற்றத்தார் அதனையே எண்ணி வருந்துகின்றனர். உயிருக்கு ஊறு விளைப்பவையோ கண்ணுக்குத் தெரியாத ஏனையவையே.

வரலாறு தரும் பாடம்

பண்டை எகிப்தின் மருத்துவச் சுவடி ஒன்று, தண்டுவடம் சேதமுற்ற நோயாளிகளைச் சிகிச்சை பயனளிக்காதவர் வரிசையில் வைத்துள்ளது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். அவர்களுடைய மரணத்துக்குக் காரணமாயிருந்தவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதையில் தோன்றிய நச்சுத் தொற்றுமே ஆகும்.

1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கெனத் தனிப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் புகுந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் அதன் தலைவர். அறுந்த தண்டுவடத்தை இணைக்கும் மருந்து எதுவும் அவரிடம் இல்லை. அவர் கைக்கொண்டவை ஒழுங்கான சில பழக்கங்களே: இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பையைத் தூய்மையான முறையில் வெளியேற்றுதல், எஞ்சிய தசைகளுக்குப் பயிற்சி, ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் அல்லது விளையாட்டு. இவற்றால் முன்பு மாண்டிருக்கக் கூடியவர்கள் வீடு திரும்பி வேலைக்குச் சென்றனர். 1948 ஜூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய அதே நாளில், அம்மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் தோற்றம் அதுவே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், தண்டுவடக் காயத்தில் ஆயுளைக் காப்பது அன்றாட ஒழுங்கு என்பதாகும். இவ்வொழுங்கை ஒரு கிராமத்து வீட்டிலும் கடைப்பிடிக்க இயலும்.

ஓர் எடுத்துக்காட்டு

16 வயது மாணவன் ஒருவன் மாமரத்திலிருந்து விழுந்து, மாவட்ட மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெற்று, மூன்று மாதங்களுக்குப் பின் வீடு திரும்பியுள்ளான் எனக் கொள்வோம். தொப்புளுக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சியும் இயக்கமும் இல்லை. கைகள் வலுவாக உள்ளன. அறிவும் பேச்சும் முன்போலவே உள்ளன. அவன் தாய் அவனைக் குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், நாள் முழுவதும் அருகிலேயே அமர்ந்திருக்கிறாள். தந்தை புதுப்புது வைத்தியர்களைத் தேடி அலைகிறார். "கால் வந்ததும் பள்ளிக்குப் போகலாம்" என்பது வீட்டாரின் முடிவு.

இக்குடும்பத்தின் அன்பில் குறையேதும் இல்லை. ஆயினும் இந்நிலை ஓராண்டு நீடித்தால், படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் அவனைப் பற்றும், படிப்பும் நின்றுபோகும். பணியாளர் செய்ய வேண்டியது, தாயின் கையில் உள்ள பொறுப்பைச் சிறிது சிறிதாக அவன் கைக்கு மாற்றுவதே. அவனுக்காக எல்லாவற்றையும் செய்துவிடும் பணிவிடை அவனை மேலும் வலுவிழக்கச் செய்யும். தன் உடலைத் தானே காக்க அவனுக்குக் கற்பிப்பதே உண்மையான துணை. பின்வரும் பகுதிகள் அனைத்தையும் இந்நோக்கோடு படித்தல் வேண்டும்.

தோலைக் காத்தல்

நாம் ஒரே இடத்தில் நெடுநேரம் அமர்ந்தால் வலி தோன்றுகிறது. நம்மை அறியாமலே சற்று அசைந்து கொள்கிறோம். உணர்ச்சி இல்லாதவருக்கு அவ்வறிவிப்பு எட்டுவதில்லை. எலும்புக்கும் இருக்கைக்கும் இடையே நசுங்கிய தசையில் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே திசு மடியத் தொடங்குகிறது. திருவெலும்பு, அமரும்போது ஊன்றும் எலும்புகள், தொடையின் பக்க எலும்பு, கணுக்கால், குதிகால் ஆகியவை இடருக்குரிய இடங்கள்.

இதனைத் தடுக்கும் முறைகள் எளியவை. படுத்திருக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். கெண்டைக் காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதவாறு செய்ய வேண்டும். நாற்காலியில் இருக்கையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, கைகளை ஊன்றி உடலை உயர்த்தியோ, முன்புறமாகவோ பக்கவாட்டிலோ நன்கு சாய்ந்தோ, ஒன்றிரண்டு நிமிடம் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையிலோ பலகையிலோ அமர்தல் கூடாது. நடுவில் துளையுள்ள வளைய வடிவ மெத்தை நன்மை தருவதாகத் தோன்றினும், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் விலக்கத்தக்கது.

காலையும் மாலையும் தோலைச் சோதித்தல் வேண்டும். முதுகுப்புறத்தைக் காண ஒரு கைக்கண்ணாடி போதும். சோதனையை மாணவனே செய்யப் பழக வேண்டும். வெளிறிய தோலில் சிவப்பு தெரியும். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு தெரியாமற் போகலாம். ஆகவே அவ்விடம் கருத்துள்ளதா, சூடாக உள்ளதா, தடித்துள்ளதா எனப் புறங்கையால் தொட்டு அண்டைத் தோலோடு ஒப்பிட வேண்டும். மாற்றம் காணப்பட்டால், அது மறையும் வரையில் அவ்விடத்தின்மீது சிறிதும் பாரம் விழலாகாது. அதனைத் தேய்த்தலும் எண்ணெய் இட்டுப் பிசைதலும் கேடு விளைக்கும். தோல் கிழிந்திருப்பின் அன்றே செவிலியரிடம் காட்ட வேண்டும்.

தீக்காயத்தையும் மறத்தலாகாது. சூடான தேநீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்துக் கொள்ளுதல், வெந்நீர் ஒத்தடம், மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் கால் படுதல், வெயிலில் காய்ந்த இரும்பு நாற்காலியில் அமர்தல் ஆகியவற்றால் உணர்ச்சியற்ற தோல் வலியின்றியே வெந்துபோகும். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பின்னரே ஊற்ற வேண்டும்.

சிறுநீரும் மலமும்

சிறுநீர்ப்பை நிறைந்தது என்ற உணர்வு இல்லாமையால், அது அளவுக்கு மேல் விரிந்து, சிறுநீர் பின்னோக்கிச் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். இதனைத் தடுக்க இன்று பெரிதும் கையாளப்படும் முறை, நாள்தோறும் குறித்த வேளைகளில் மெல்லிய குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிடுவதாகும். அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். இதற்கு அறுவைக் கூடத்தின் கிருமியற்ற நிலை வேண்டுவதில்லை. சோப்பால் கழுவிய கைகளும் தூய குழாயும் போதும் என்பதும், பையை அளவுக்கு மேல் நிறைய விடாமையே முதன்மையானது என்பதும் அவர் கண்ட உண்மை. பொதுவாக 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை இதனைச் செய்வர். ஒரு வேளையில் வெளியேறும் அளவு 500 மில்லிலிட்டருக்கு மேற்படாதிருத்தல் நன்று. எம்முறை எவருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்; முறையைக் கற்ற பின் தவறாது நடத்துவது வீட்டின் கடமை.

நம் மாணவன் காலை 6, முற்பகல் 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என ஐந்து வேளைகளை மேற்கொண்டான் எனில், அவற்றுள் இரண்டு பள்ளி நேரத்திலேயே அமைகின்றன. ஆசிரியர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பள்ளியில் தக்க கழிப்பறை இல்லையெனில் மாணவன் என்ன செய்வான்? காலை முதல் நீர் பருகுவதை நிறுத்திக் கொள்வான். பலர் இவ்வாறே செய்கின்றனர். நீர் குறைந்தால் தொற்றும் சிறுநீர்க் கல்லும் எளிதில் உண்டாகும். நாற்காலி நுழையக்கூடிய ஒரு கழிப்பறை, உள்ளே ஒரு தாழ்ப்பாள், கை கழுவ நீரும் சோப்பும் ஆகிய இவை இன்றியமையாதவை. அம்மாணவனின் சிறுநீரகம் இவற்றைப் பொறுத்தே நலமுற்றிருக்கும்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கலங்கிய அல்லது துர்நாற்றமுள்ள சிறுநீர், இரத்தக் கசிவு, கால்களின் துடிப்பு திடீரென மிகுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உடல்நலம் நன்றாயிருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகச் சோதனை தேவை.

மலங்கழித்தலுக்கும் குறித்த நேரம் வேண்டும். உணவு உண்ட சிறிது நேரத்தில் பெருங்குடல் இயல்பாகவே இயங்கும். ஆகவே காலை உணவுக்குப் பின் 20 அல்லது 30 நிமிடம் கழித்து, நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள், அதே வேளையில் அமர்ந்து பழகினால் சில வாரங்களில் குடல் அப்பழக்கத்துக்கு உட்படும். கீரை, காய்கறி, பழம், முழுத் தானியம் ஆகியவை உணவில் இடம்பெற வேண்டும். இவ்வொழுங்கு ஏற்பட்டுவிட்டால், வகுப்பில் துணி நனையுமோ என்ற அச்சம் நீங்கும். இளைஞரை வீட்டுக்குள் முடக்குவது பெரும்பாலும் இவ்வச்சமே.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மார்பு முள்ளெலும்புகளுள் ஆறாவதன் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிறைதல், மலம் கட்டுதல், இறுகிய ஆடை, தோற்புண் முதலியன காரணமாக இரத்த அழுத்தம் திடீரென மிக உயரும். பொறுக்க இயலாத தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேற்பகுதியில் வியர்வை ஆகியவை அதன் குறிகள். அவ்வேளையில் நோயாளியைப் படுக்க வைத்தல் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுகிய ஆடைகளைத் தளர்த்தி, முதலில் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். குறிகள் உடனே தணியாவிடின் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இத்தகைய மாணவரின் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அது இரத்தம் உறைந்ததாலோ, வலி தெரியாத எலும்பு முறிவாலோ இருக்கலாம். அதனை உருவிவிடுதல் ஆபத்து. மருத்துவர் பார்க்க வேண்டும். மேலும், காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைவதால் கோடையில் உடற்சூடு விரைவில் ஏறும். நிழல், காற்று, ஈரத்துணி ஆகியவை உதவும்.

மூட்டுகள் இறுகாதிருக்க, இயன்முறை மருத்துவர் காட்டியபடி நாள்தோறும் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல அசைக்க வேண்டும். வளரும் வயதினருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையக்கூடும். ஆகவே நேராக அமர்கிறாரா, நாற்காலி அளவில் சிறுத்துவிட்டதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

நம்பிக்கையும் உண்மையும்

"என் மகன் நடப்பானா?" என்பதே பணியாளர் எதிர்கொள்ளும் முதல் வினா. பொய்யான உறுதியும் கூறலாகாது. கடுமையாக மறுத்தலும் ஆகாது. இயக்கம் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் விரைவாகவும், பின் ஓரிரு ஆண்டுகள் வரை மெதுவாகவும் திரும்பும். பகுதிக் காயத்தில் வாய்ப்பு மிகுதி, முழுக் காயத்தில் குறைவு. இதனை மருத்துவர் கூறிய முடிவோடு சேர்த்து விளக்க வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் கால்கள் தாமே துடிப்பதைக் கண்டு, உயிர் திரும்பிவிட்டதாகக் குடும்பத்தார் மகிழ்வதுண்டு. காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடப் பகுதி உயிருடன் இருந்து, மூளையின் கட்டளையின்றித் தானே இயங்குவதால் இத்துடிப்பு தோன்றுகிறது. விரும்பியபோது விரும்பிய விரலை அசைக்க முடிகிறதா என்பதே திரும்பிய இயக்கத்துக்கு அடையாளம். இவ்வேறுபாட்டைப் பொறுமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

தண்டுவடத்தை மீண்டும் வளரச் செய்வதாகக் கூறிப் பெரும் பணம் கேட்போர் உளர். குருத்தணுச் சிகிச்சையும் இவ்வகையில் விளம்பரப்படுத்தப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தண்டுவடக் காயத்துக்குக் குருத்தணுவைப் பயன்படுத்துதல் ஆராய்ச்சி நிலையில் உள்ளதே. முறையாக அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே அதனைச் சிகிச்சையாக விற்றல் கூடாது. நிலத்தை விற்று இதற்குப் பணம் கட்ட முனையும் குடும்பத்துக்கு இச்செய்தியை உரிய காலத்தில் தெரிவிப்பது பணியாளரின் கடமை. அப்பணத்தின் ஒரு பகுதி பொருத்தமான சக்கர நாற்காலிக்கும் மெத்தைக்கும் கழிப்பறைக்கும் போதும்.

அனைத்துக்கும் மேலாக வலியுறுத்த வேண்டியது ஒன்று: நடை திரும்பும் நாளுக்காகப் படிப்பை ஒத்திவைத்தல் கூடாது. பயிற்சியும் படிப்பும் ஒருங்கே நடைபெறலாம். நடை திரும்பினால் நன்று. திரும்பாவிடினும் ஓராண்டுப் படிப்பு வீணாகாது.

மனத்துக்குத் துணை

துயரம், சினம், பேச மறுத்தல் ஆகியவை பேரிழப்புக்குப் பின் இயல்பாகத் தோன்றுவன. "தைரியமாயிரு" என்று உபதேசிப்பதைக் காட்டிலும், அவர் கூறுவதைச் செவிமடுத்தல் சிறந்தது. அவரைப் பற்றிய முடிவுகளை அவர் முன்னிலையில், அவரைக் கேட்டே எடுக்க வேண்டும். "இவனுக்குச் சாப்பாடு ஆயிற்றா?" என்று தாயைக் கேளாமல், அவனையே கேட்க வேண்டும். இதே காயத்தோடு வாழும் மூத்தவர் ஒருவர் நேரில் வந்து ஒரு மணி நேரம் பேசுவது பல அறிவுரைகளுக்கு ஈடாகும்; அத்தகையவரை அறிமுகம் செய்து வைப்பது பணியாளரால் ஆகக்கூடிய பெரிய உதவி.

திருமணம், மக்கட்பேறு ஆகியவை பற்றிய ஐயங்கள் இளைஞர் மனத்தில் இருக்கும். வெளியே கூறக் கூசுவர். மருத்துவரிடம் தனித்துப் பேச வாய்ப்பு அமைத்துத் தர வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும்; கருவுற்றுத் தாயாகவும் இயலும். பெண் குழந்தைகளின் பராமரிப்பைப் பெண் பணியாளரே கற்பித்தலும், மறைவிடம் அமைத்தலும் கட்டாயம்.

உணவை வெறுத்தல், உறக்கமின்மை, வாழ்வில் பற்றில்லை என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால் அவற்றைப் பொருட்படுத்தாது விடலாகாது. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

வீடும் பள்ளியும்

சாய்தளம் அமைப்பதில் பலரும் செய்யும் பிழை அதனைச் செங்குத்தாக அமைப்பதாகும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது விதி. 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ.; அதற்குச் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர் ஆக வேண்டும். வாயில் 90 செ.மீ. அகலம் இருத்தல் நன்று. நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் குறுக்களவுள்ள இடம் தேவை. கணித ஆசிரியர் இக்கணக்கை வகுப்பில் செய்முறையாகவே கற்பித்து, மாணவர்களைக் கொண்டு பள்ளியை அளந்து பார்க்கலாம்.

தலைமையாசிரியர் செய்யத்தக்கவை இவை: அம்மாணவனின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுதல், முழங்கால் இடியாத உயரமுள்ள மேசை அளித்தல், சிறுநீர் வெளியேற்றும் வேளைகளில் கேளாமலே வகுப்பை விட்டுச் செல்ல இசைவு தருதல். பாட வேளையின் நடுவே மாணவன் மேசைமீது கவிழ்ந்து சாய்ந்தால் அது சோம்பல் அன்று. தோலைக் காக்கும் செயல் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிய வேண்டும். சக மாணவர்களுக்கு உண்மையை எளிய சொற்களில் விளக்க வேண்டும். இது தொற்றுநோய் அன்று என்பதையும், கேளாமல் நாற்காலியைத் தள்ளக்கூடாது என்பதையும் கூற வேண்டும். விளையாட்டு வேளையில் அவனை ஓரமாக அமர்த்தாமல், அவன் பங்குபெறக் கூடிய பந்தெறிதல், சதுரங்கம் போன்றவற்றில் சேர்க்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றுக்கு அடிப்படையாக உள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுவரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் துணை ஆகியவற்றுக்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பெறக் குறைபாட்டுச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். இதற்கான விண்ணப்பத்தை நிரப்பித் தருவதையும், சான்று வழங்கும் நாளில் வாகன வசதி செய்வதையும் பணியாளர் தம் முதற் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

நம் நாட்டில் வழி காட்டியவர்கள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் சாலை விபத்தில் தண்டுவடக் காயமுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கப்பட்ட புனர்வாழ்வு நிலையத்துக்கு வழிகோலினார். 1965-ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டுச் சிகரத்தை எட்டிய இந்தியக் குழுவைச் சேர்ந்த மேஜர் அலுவாலியா, அதே ஆண்டுப் போரில் முதுகெலும்பில் குண்டடிபட்டார். புது தில்லியிலுள்ள இந்திய முதுகெலும்புக் காய மையம் அவர் முயற்சியால் உருவாகியது. பொறியியல் மாணவராயிருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975-ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரிப் பணிக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தார். அவரே 1981-ஆம் ஆண்டில் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவி, எண்ணற்ற குழந்தைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் கிடைக்கச் செய்தார்.

இவர்களுள் எவரும் நடை திரும்பிய பின் பணியைத் தொடங்கவில்லை. இவர்களைச் சுற்றியிருந்தோர் உடலைப் பேணுவதற்கு உதவி, உழைப்பதற்கு இடமும் அளித்தனர். எல்லா மாணவரும் புகழ் பெற வேண்டுவதில்லை. தோல் புண்ணாகாமல், சிறுநீரகம் கெடாமல், பத்தாம் வகுப்பை முடித்து, தனக்கென ஒரு தொழிலைத் தேடிக் கொள்ளும் இளைஞர் ஒருவர் நம் வட்டாரத்தில் இருப்பின், அதுவே நம் பணி நிறைவுற்றதற்குச் சான்று.

முதல் வருகையில் கேட்டறிய வேண்டியவை

1. இரவில் எத்தனை முறை பக்கம் மாறுகிறார்? தோலைச் சோதிப்பவர் யார்?
2. சிறுநீர் வெளியேற்றும் வேளைகள் யாவை? அதனைத் தாமே செய்கிறாரா?
3. ஒரு நாளில் எவ்வளவு நீர் பருகுகிறார்?
4. நாற்காலியும் மெத்தையும் அவருடைய உடல் அளவுக்குப் பொருந்துகின்றனவா?
5. சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றுள்ளாரா?
6. பள்ளிக்குத் திரும்பும் நாள் குறிக்கப்பட்டுள்ளதா? இல்லையெனில் தடை யாது?
7. இவ்வினாக்களுக்கு விடையளித்தவர் இளைஞரா, அவருடைய வீட்டாரா?

இறுதி வினாவை ஒவ்வொரு வருகையிலும் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். முதல் மாதத்தில் தாய் விடையளிப்பது இயல்பு. ஆறாம் மாதத்தில் அவ்விடைகளை இளைஞரே அளிப்பாராயின், பணி செவ்வனே நடைபெறுகிறது எனக் கொள்ளலாம்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உங்கள் பள்ளியின் வாயிற்படிகளை அளந்து, தேவையான சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிடுக.
2. கால்களின் தன்னியல்பான துடிப்புக்கும் திரும்பிய இயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குடும்பத்துக்கு எவ்வாறு விளக்குவீர்கள்?
3. பள்ளி நேரத்தில் நீர் பருக மறுக்கும் மாணவருக்கு நீங்கள் முதலில் செய்ய வேண்டிய உதவி யாது?